பட்டறைப் பேச்சு: தொட்டில் கம்பும் ஆடுற ஸ்டூலும்

இந்த வாரம் வந்த கடிதங்களை ஒண்ணா வெச்சு படிச்சேன், ஏறக்குறைய எல்லாத்துலயும் ஒரு தேதி இருக்கு. பிரசவத் தேதி, கிரகப்பிரவேசத் தேதி, பொண்ணு தீபாவளி லீவுக்கு வர்ற தேதி. அதுக்குள்ள மரச்சாமான் முடிஞ்சாகணும்னு தவிப்பு. எது முடியும், எது முடியாதுன்னு ஒளிக்காம சொல்லிடுறேன். வழக்கம்போல பட்டறைல என்ன ஓடுது, வீட்டுல என்ன விசேஷம்னு ரெண்டையும் கலந்தே எழுதியிருக்கீங்க, இனிமேயும் அப்படியே எழுதுங்க. யாருக்காக செய்றீங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு பதில் சரியா வரும்.

கே: சார், எங்க தாத்தா வெச்ச மாமரம் போன வாரக் காத்துல சாஞ்சிடுச்சு. வீட்டுக்காரிக்கு 7வது மாசம். அந்த மரத்துலயே குழந்தைக்கு தொட்டில் செஞ்சு போடணும்னு எனக்கும் அப்பாவுக்கும் ஆசை. ஞாயித்துக்கிழமை மில்லுக்கு கொண்டு போகலாம்னு இருக்கேன். 2 மாசத்துல முடியுமா? – திருவண்ணாமலை வாசகர்

தம்பி, முதல்ல வீட்டுல உள்ளவங்க நல்லபடியா பெத்துப் பிழைக்கட்டும். கேள்விக்கு பதில், முடியாதுப்பா. உங்க ஆசை புரியுது, ஆனா பச்சை மரத்துல தொட்டில் செஞ்சு அதுல பிள்ளையை போட நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஏன்னு சொல்றேன். இப்ப விழுந்த மரத்துக்குள்ள, அந்த மரம் முழுசா காஞ்சா என்ன எடை இருக்குமோ அதுல பாதிக்கு மேல வெறும் தண்ணி. நம்ம ஊர் வீட்டுக்குள்ள இருக்கிற காஞ்ச சாமான்ல அது நூத்துக்கு 12 பங்கு பக்கத்துலதான் இருக்கும். நடுவுல உள்ள அத்தனை தண்ணியும் வெளிய போகணும். முதல்ல போற தண்ணிக்கு மரம் அசையாது, அப்படியே இருக்கும், நாமளும் ஆஹா நல்லா இருக்கேன்னு நினைச்சு இழைச்சு பொருத்திடுவோம். நூத்துக்கு 30 பங்கு கிட்ட இறங்கினதுக்கு அப்புறம்தான் சுருங்க ஆரம்பிக்கும், அப்ப பொருத்து எல்லாம் விட்டுக்கொடுக்கும், பலகை முறுக்கும், வெடிக்கும். அதாவது குழந்தை தவழ்ற நேரத்துல தொட்டில் ஆட ஆரம்பிக்கும்.

ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு ஒரு பழைய கணக்கு இருக்கு. நம்ம வெயிலுக்கு கொஞ்சம் முன்னாடியே காயும், ஆனா 2 மாசத்துல நடக்காது.

அதனால இப்படி பண்ணுங்க. மில்லுக்கு போறதை தள்ளிப் போடாதீங்க, மாமரத்தை உருட்டாவே போட்டு வெச்சா பட்டைக்குள்ள பூச்சி இறங்கிடும், உள்ள கறுப்பு படர்ந்துடும். தொட்டிலை மறந்துட்டு, பாதியை ஒரு இஞ்ச் பலகையா, மீதியை 2 இஞ்ச்சா அறுக்கச் சொல்லுங்க. மரத்தை தூக்கும்போது முழுக்கை சட்டை போட்டுக்கோங்க, மாம்பால் பட்டா சிலருக்கு தோல் புண்ணாயிடும். பலகையோட ரெண்டு முனையிலயும் பழைய பெயின்ட் இருந்தா அன்னிக்கே கெட்டியா அடிச்சுடுங்க. பக்கவாட்டுல போறதை விட முனை வழியா தண்ணி பத்து மடங்குக்கு மேல வேகமா போகும், முனை மட்டும் முன்னாடி காஞ்சுதுன்னா அங்கேந்துதான் வெடிப்பு ஓடும். அப்புறம் நிழல்ல, காத்து வர்ற இடத்துல, தரைலேந்து ஒரு அடி உசரத்துல அடுக்குங்க. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவுல ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் குச்சி, மேல் குச்சிக்கு நேர் கீழ கீழ் குச்சி வரணும், தள்ளி வெச்சீங்கன்னா பலகை அப்படியே அலையாட்டம் வளைஞ்சு காஞ்சிடும்.

இன்னொண்ணு, இதை கண்டிப்பா செய்ங்க. ஒரு சின்ன பலகையை எடுத்து மளிகைக் கடை தராசுல எடை போட்டு, எடையையும் தேதியையும் அந்தப் பலகை மேலயே பென்சில்ல எழுதுங்க. மாசம் ஒரு தடவை எடை போட்டு அதுக்குக் கீழயே எழுதிட்டு வாங்க. எடை இறங்குறது எந்த மாசம் நிக்குதோ அப்பதான் மரம் காஞ்சுதுன்னு அர்த்தம். மீட்டர் எதுவும் வாங்க வேண்டாம்.

இப்ப தேதிக்கு வருவோம். சேலைத் தொட்டில்தானே கட்டப் போறீங்க? அதுக்கு வேண்டியது ஒரு தொட்டில் கம்பு, சேலை ரெண்டு பக்கமும் ஒட்டி குழந்தை முகத்தை மூடாம விரிச்சுப் பிடிக்கிற அந்தக் கட்டை. அதை ஒரு பழைய தேக்கு ஜன்னல் சட்டத்துலேந்து ஒரே ஞாயித்துக்கிழமைல செஞ்சிடலாம், அது எப்பவோ காஞ்ச மரம். ரெண்டு முனையிலயும் சேலை வழுக்காம உக்கார ஒரு பள்ளம், மூலை எல்லாத்தையும் நல்லா உருட்டி, உப்புத்தாள் போட்டு, கடைசியா ஒரு பழைய பட்டுத்துணியை அது மேல இழுத்துப் பாருங்க, ஒரு நூல் கூட மாட்டக் கூடாது. வார்னிஷ் வேண்டாம், பிள்ளை கை நீட்டி பிடிச்சு வாய்க்கு கொண்டு போகும்.

மாமரம் வீண் போகாது. குழந்தை பிறக்க 2 மாசம், நடக்க ஒரு வருஷம், அதுக்குள்ள அந்த ஒரு இஞ்ச் பலகை காஞ்சிருக்கும். கொள்ளுத்தாத்தா மரத்துல நடைவண்டி செய்யுங்க தம்பி. வர்ற தை இல்ல, அதுக்கு அடுத்த தை தாண்டி எழுதுங்க, அளவு தர்றேன்.

கே: பொண்ணு பெங்களூர்ல வேலைக்கு போனதுக்கப்புறம் வீடு வெறிச்சோடி போச்சு, அவ ரூம்லயே ஒரு மேஜை போட்டு 52 வயசுல மரவேலை கத்துக்கிட்டு இருக்கேன். முதல் ஸ்டூல் இந்த வாரம் முடிஞ்சுது, ஆனா ஒரு கால் ஆடுது. நீளமான காலை அறுத்தா இன்னொரு கால் ஆடுது. தீபாவளிக்கு அவ வர்றா, அதுக்குள்ள சரி பண்ணணும். – கோயம்புத்தூர் வாசகி

தங்கச்சி, ரம்பத்தை கீழ வெச்சுடுங்க. ஒவ்வொரு காலா அறுத்துட்டே போனா ஸ்டூல் மணைப்பலகை உசரத்துக்கு வந்துடும், ஆட்டம் நிக்காது.

முதல்ல தரையை சந்தேகப்படுங்க. நம்ம வீட்டு டைல்ஸ் ஒண்ணுக்கொண்ணு ஏறி இறங்கி இருக்கும். ஸ்டூலை தூக்கி சமையல்கட்டு கிரானைட் மேடை மேல வைங்க, வீட்டுலயே மட்டமான இடம் அதுதான். அங்கயும் ஆடினா கால்லதான் கோளாறு. இப்ப குட்டைக் காலுக்கு அடில அட்டைத்துண்டை மடிச்சு மடிச்சு வெச்சு ஆட்டத்தை நிறுத்துங்க, அப்படியே ஸ்டூலோட மேல் பலகை நாலு மூலையிலயும் மேடைலேந்து ஒரே உசரம் வர்ற மாதிரி அட்டையை கூட்டிக் குறைங்க. சரியா வந்துடுச்சா, இப்ப ஒரு சின்ன மரத்துண்டு, அரை இஞ்ச் கனம் போதும், அது மேல பென்சிலை படுக்க வெச்சு பிடிச்சுக்கிட்டு மேடை மேல நகர்த்தி நாலு காலையும் சுத்தி கோடு போடுங்க. ஒரு காலுக்கு நாலு பக்கமும் கோடு வரணும். அந்தக் கோட்டுல அறுங்க, நாலு காலும். அவ்ளோதான், இனிமே ஆடாது. அறுத்ததுக்கு அப்புறம் கால் அடி ஓரத்தை உப்புத்தாள்ல லேசா மழுங்க விடுங்க, இல்லன்னா இழுக்கும்போது சிலாம்பு பெயர்ந்துடும்.

அடுத்த ஸ்டூலுக்கு ஒரு யோசனை, ஃபெவிகால் காயறதுக்கு முன்னாடியே மூலைக்கு மூலை குறுக்கா டேப் பிடிச்சு பாருங்க, ரெண்டு அளவும் ஒண்ணா இருந்தா சட்டம் கோணாம நேரா இருக்குன்னு அர்த்தம்.

"இந்த வயசுல எதுக்கு இந்த வேலை"ன்னு கேட்ட உங்க வீட்டுக்காரர், போன ஞாயித்துக்கிழமை நீங்க கேக்காமலே வந்து பலகையோட மறுமுனையை பிடிச்சுக்கிட்டார்னு எழுதியிருந்தீங்களே, அந்த வரியை நான் எங்க வீட்டம்மாவுக்கு படிச்சுக் காட்டினேன். ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க.

கே: தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு தலைவாசல் நிலை நான்தான் எடுத்துக் குடுக்கிறேன். 7 அடி கால் ரெண்டு, 4 அடி தலைக்கட்டை ஒண்ணு, 5க்கு 3 இஞ்ச் தேக்கு. மில்லுல 2.23 கன அடின்னு பில் போட்டாங்க. சரியா? – சேலம் வாசகர்

கணக்கு சுலபம். நீளம் அடில, அகலமும் கனமும் இஞ்ச்ல, மூணையும் பெருக்கி 144ஆல வகுத்தா கன அடி. உங்களுக்கு மொத்தம் 18 அடி, 18 x 5 x 3 = 270, அதை 144ஆல வகுத்தா 1.875 தான் வருது. ஆனா ஐஞ்சரைக்கு மூணே கால்னு போட்டு பாருங்க, 2.23 வருது. அதாவது இழைக்கிறதுக்கு முன்னாடி உள்ள அளவுக்கு பில் போட்டிருக்காங்க. அதுல தப்பில்ல, பல இடத்துல அதான் வழக்கம், ஆனா நீங்க வாங்கிட்டு வந்த கட்டையை டேப் வெச்சு பாருங்க, இழைக்காத கட்டை ஐஞ்சரை இருந்தா சரி, இழைக்கும் முன்னாடியே 5 தான் இருந்துச்சுன்னா போய் கேளுங்க. விலை பேசுறதுக்கு முன்னாடியே "எந்த அளவுக்கு பில்?"னு கேட்டுடணும். அப்படியே வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதி, எவ்வளவு இருக்குன்னும் பாருங்க, அதைத்தான் கறையான் முதல்ல தேடி வரும்.

கே: சென்னைல அப்பார்ட்மென்ட், பால்கனிதான் பட்டறை. பையனுக்கு 3 வயசு, அடிக்கடி வீசிங் வருது. அவன் புக் அடுக்க பேக்கிங் பைன் மரத்துல ஷெல்ஃப் செய்றேன், சாண்டர் (உப்புத்தாள் மெஷின்) போட்டா தூசி ஹால் வரைக்கும் வருது. மாஸ்க் போட்டா போதுமா? – வாசகர், சென்னை

போதாது. மாஸ்க் உங்க மூக்குக்கு மட்டும்தான், பையனுக்கு யார் போட்டு விடுறது? கண்ணுக்குத் தெரியிற தூள் கீழ உக்காந்துடும், தெரியாத தூசிதான் மணிக்கணக்கா காத்துல மிதக்கும், அதுதான் நெஞ்சுக்குள்ள போறது. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மரத்தூசியை 1995லயே புற்றுநோய் உண்டாக்குற பொருள் பட்டியல்ல சேர்த்துடுச்சு. வருஷக்கணக்கா தூசிலயே வேலை செய்றவங்களை வெச்சு சொன்னது அது, பயப்பட வேண்டாம், ஆனா வீசிங் உள்ள பிள்ளை வீட்டுல சாண்டர் வேண்டாம்ங்க. மரநாரை பசையோட அழுத்திச் செஞ்ச எம்.டி.எஃப் பலகையையும் அங்க அறுக்காதீங்க, அதுல பசையும் சேர்ந்தே பறக்கும்.

சாண்டருக்கு பதிலா இழைப்புளி வாங்குங்க. நல்லா தீட்டின இழைப்புளி தூசி போடாது, சுருள் போடும். பைன் மரத்துல ஒரு இழுப்பு இழுத்தா நீளமா, வெளிச்சம் தெரியிற அளவுக்கு மெல்லிசா சுருண்டு விழும், பையனே பொறுக்கி விளையாடுவான். கீழ் வீட்டுக்காரங்களும் சத்தம்னு வர மாட்டாங்க.

இன்னொரு விஷயம், பேக்கிங் கட்டைல ஒரு முத்திரை குத்தியிருக்கும், தேடிப் பாருங்க. அதுல ஹெச்.டி.ன்னு இருந்தா சூடு காட்டின மரம், மரத்தோட நடுப்பகுதி 56 டிகிரில 30 நிமிஷம் இருந்திருக்கு, நல்லது. எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடுங்கிற விஷவாயு காட்டினது, அதை பிள்ளை ரூமுக்குள்ள கொண்டு போகாதீங்க. முத்திரையே இல்லாததும் வேண்டாம், எந்த சரக்கு கொட்டின கட்டையோ.

கே: அப்பா தவறி 40 நாள் ஆச்சு. பரண் மேல அவரோட மரவேலைப் பெட்டி, 3 உளி, ஒரு மர இழைப்புளி, எல்லாம் துரு. தம்பி புதுசு வாங்கிக்கலாம்ங்கிறான். எனக்கு மனசு வரல. – காரைக்குடி வாசகர்

புதுசு வாங்காதீங்க. பழைய உளியோட இரும்பு பல நேரம் இப்ப கடைல விக்கிறதை விட நல்லாவே இருக்கும், மேல துரு இருந்தா உள்ள கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்ல.

இரும்பை மட்டும் கழட்டி, பிளாஸ்டிக் டப்பால வினிகர் ஊத்தி ஒரு ராத்திரி மூழ்க விடுங்க, கைப்பிடி அதுல நனையக் கூடாது. காலைல நார் போட்டு தேய்ச்சா துரு சேறாட்டம் வழிஞ்சு வந்துடும். உடனே சமையல் சோடா கலந்த தண்ணில அலசி, துடைச்சு, கொஞ்சம் சூடு காட்டி எண்ணெய் தடவிடுங்க, ஈரத்தோட 10 நிமிஷம் விட்டா கூட மறுபடி செம்பழுப்பு ஏறிடும். இழைப்புளியோட மரக்கட்டையை தண்ணில போட வேண்டாம், ஈரத்துணியால துடைச்சு நிழல்ல வெச்சா போதும்.

தீட்டுறதுக்கு முன்னாடி உளியோட தட்டையான முதுகை கல்லுல மட்டம் பண்ணுங்க, வாய் ஓரத்துல ஒரு இஞ்ச் வரைக்கும் கண்ணாடியா மின்னணும். முதுகு சரியில்லன்னா வாயை எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது. சரிவு 25 டிகிரி, கடைசி நுனி மட்டும் 30. கிரைண்டர்ல காட்டினா அடிக்கடி தண்ணில முக்கணும், நுனி நீலமாச்சுன்னா இரும்போட பதம் போச்சு, அப்புறம் அந்த இடத்தை தேய்ச்சே தள்ளணும். பழைய மரத்துல வேலை செய்றதா இருந்தா முதல்ல காந்தம் ஓட்டிப் பாருங்க. நான் ஒரு தடவை பார்க்காம செட்டிநாட்டு வீட்டுப் பழைய தேக்குப் பலகைல உளி வெச்சேன், உள்ள ஒரு உடைஞ்ச ஆணி, உளி வாய் பல்லு பல்லா பெயர்ந்துடுச்சு, நேராக்க ரெண்டு நாள் சாணைக்கல்லுல உக்காந்தேன்.

கைப்பிடியை மட்டும் மாத்தாதீங்க, உப்புத்தாளும் போடாதீங்க. பெரிய உளிப் பிடில ஒரு பக்கம் மட்டும் கறுத்து வழவழன்னு இருக்குன்னு எழுதியிருந்தீங்க, அது அப்பாவோட கட்டைவிரல் உக்காந்த இடம். நீங்க பிடிச்சு பாருங்க, உங்க விரலும் தானா அங்கதான் போகும்.

கே: மர ட்ரேக்கு பாலிஷுக்கு பதிலா தேங்காய் எண்ணெய் போடலாமான்னு மாமியார் கேக்குறாங்க. – வாசகி, தஞ்சாவூர்

தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் மரத்து மேல இறுகாது, பிசுக்கா நின்னு தூசி பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய்தான் காத்து பட்டு இறுகி தோல் மாதிரி ஆகும். மெல்லிசா தடவி, 20 நிமிஷம் விட்டு, மிச்சத்தை முழுசா துடைச்சு எடுத்துடுங்க, 2, 3 நாள் கழிச்சு அடுத்த பூச்சு. ஆனா ஒண்ணை ரொம்ப கவனமா கேட்டுக்கோங்கம்மா, துடைச்ச துணியை சுருட்டி குப்பைக்கூடைல போடாதீங்க. அந்த எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும், சுருட்டின துணிக்குள்ள அந்த சூடு வெளிய போக வழியில்லாம தானாவே தீ பிடிக்கும், நிஜமா பிடிக்கும். விரிச்சு வெளிய கொடில போட்டு, முறுமுறுன்னு காஞ்சதுக்கு அப்புறம் தூக்கிப் போடுங்க.

எங்க வீட்டுல இந்த வாரம்

ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் வேப்பமர அலமாரி டிராயர் வழக்கம்போல இறுகிப் போச்சு. "இத்தனை உளி வெச்சிருக்கீங்க, ஒரு சீவு சீவ மாட்டீங்களா"ன்னு எங்க வீட்டம்மா கேட்டாங்க. சீவ மாட்டேன்னு சொல்லிட்டேன். மரம் நீளவாக்குல அசையாது, அகலத்துலதான் ஊதும், ஒரு அடி அகலப் பலகை மழைக்கும் கோடைக்கும் நடுவுல 2, 3 மில்லிமீட்டர் கூடக் குறைய ஆகும். இப்ப சீவினா பங்குனில விரல் போற சந்து விழும். மெழுகுவர்த்தியை டிராயர் அடி ஓரத்துல நல்லா தேய்ச்சு விட்டேன், தை வரைக்கும் தாங்கும். உங்க வீட்டுலயும் இதே கதைன்னா பொறுங்க, வெயில் வந்தும் இறுக்கம் விடலன்னா அப்ப இழைக்கலாம்.

திருநெல்வேலிலேந்து ஒரு தம்பி கேள்வி எதுவும் கேக்கல, சேதி மட்டும் சொல்லியிருக்கார். 3 மாசம் முன்னாடி அவங்க அம்மாவுக்கு மறதி கூடிட்டே போகுது, பேர் எல்லாம் மாறிப் போகுது, கைக்கு ஏதாவது செஞ்சு குடுக்கணும்னு எழுதினப்போ பல்லாங்குழி செய்யச் சொல்லியிருந்தேன். பலா மரம் கிடைச்சிருக்கு, வீணை செய்ற அதே மரம், வெட்டினப்போ வெளுத்த மஞ்சளா இருந்தது இப்பவே தேன் நிறத்துக்கு திரும்புதாம். 14 குழியும் குழி உளிலயே தோண்டியிருக்கார், முதல் குழி சொரசொரன்னு, கடைசி குழி வழவழன்னு இருக்காம், அப்படியே விட்டுட்டேன்னு எழுதியிருக்கார், நல்லதுதான் தம்பி. அம்மா முன்னாடி வெச்சு புளியங்கொட்டையை குடுத்திருக்கார். அவங்க கேக்காம குழிக்கு ஐஞ்சா போட்டு, 70ம் போட்டு முடிச்சிட்டு, "நீ ஆடு"ன்னு சொன்னாங்களாம். அவர் பேரை சொல்லல, ஆனா முதல் ஆட்டத்துல அவரை தோக்கடிச்சிருக்காங்க.

தம்பி, ஆளிவிதை எண்ணெய் இப்ப பூச வேண்டாம், அம்மா கை தினம் பட்டு பட்டே அந்தப் பலகைக்கு மெருகு ஏறிடும்.

திருவண்ணாமலை தம்பி, பிள்ளை பிறந்ததும் ஒரு வரி எழுதுங்க, குழந்தை எடையையும் பலகை எடையையும் சேர்த்தே எழுதுங்க. கோயம்புத்தூர் தங்கச்சி, பொண்ணு வந்து அந்த ஸ்டூல்ல உக்காந்ததும் நீங்களும் எழுதணும்.